டிராயிங் வகுப்பில் சுதேசி

1956 நவம்பர் முதல் தேதி வரைக்கும் ஹனூர் மைசூரைச் சேர்ந்த ஊர் அல்ல. ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா முழுவதும் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில், சென்னை ராஜ்யத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அது மைசூர்ப் பக்கம் போயிற்று. 1997ல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதற்குள் வந்தது. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில் இருக்கும் இந்த ஊரில் கன்னடமும் தமிழும் இன்றைக்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அந்தக் காலத்தில் இங்கே ஒரு பையனுக்குச் சித்திரம் எழுதக் கை வந்திருந்தால், அவனுக்குக் காட்டப்பட்டிருக்கக்கூடிய பெரிய பள்ளிக்கூடம் சென்னையில்தான் இருந்தது. எல்லைக்கு மேற்கே பிறந்திருந்தால் மைசூர் மகாராஜாவின் தயவைத் தேடிப் போயிருப்பான்.

இரண்டு வழிகளும் வேறுவேறாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் கல்கத்தாவில் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் அவனீந்திரநாத் தாகூர். மைசூர் அனுப்பிய மாணவர் அவரிடம் படித்தார். சென்னைப் பள்ளிக்குத் தலைவராக வந்தவரும் அவரிடம் படித்தவரே. இந்தியாவில் ஓவிய வகுப்புக்குள் அரசியல் வந்த கதையில் பெரும்பகுதி இந்த ஒரு குருவையும் அவருடைய சீடர்களையும் சுற்றியே நடக்கிறது.

அரசியல் வந்தது என்று சொல்வதே முழு உண்மை அல்ல. பள்ளிக்கூட அட்டவணையில் டிராயிங் பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிற பீரியட். அதற்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சம்பந்தம் தெரிந்துவிடும்.

1850ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் எழுந்த முதல் கலைப்பள்ளிகளில் அது ஒன்று. உள்ளூர் மக்களின் ரசனையைத் திருத்துவது ஒரு நோக்கம். பானை, ஓடு, மரச்சாமான், அச்சு வேலை என்று உபயோகமான தொழில்களைக் கற்றுக்கொடுப்பது இன்னொன்று. சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசு.

1851ல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு சவுத் கென்சிங்டன் பாடமுறை சாம்ராஜ்யம் முழுவதும் பரவியது. முதலில் தட்டையான படத்தைப் பார்த்துக் கோடு இழுக்க வேண்டும். பிறகு வடிவியல் உருவங்கள், கனச்சதுரம், கூம்பு. பிறகு கிரேக்கச் சிலையின் பிளாஸ்டர் வார்ப்பு. உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைவதெல்லாம் அதற்கும் பிறகு. ஆலைக்கு வேண்டிய டிசைன்காரரையும் சர்வே ஆபீசுக்கு வேண்டிய வரைவாளரையும் உருவாக்குகிற முறை அது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் டிராயிங் லோயர், ஹையர் என்று எழுதிய பரீட்சைகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனும் மாடல் டிராயிங்கும் இடம்பெற்றது இந்த வம்சாவழியில்தான். சர்க்காருக்கு எந்த மாதிரிக் கை வேண்டும் என்பதைச் சர்க்காரே முடிவு செய்து பாடத்திட்டம் போட்டது. அதைவிடப் பச்சையான அரசியல் என்ன இருக்க முடியும்? ஆளுகிறவரின் அரசியல் என்பதால் அதற்கு அரசியல் என்று பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

1884ல் சென்னைப் பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் எர்னஸ்ட் ஹேவல். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். தென்னாட்டின் கைத்தொழில்களைப் பார்க்கப் பார்க்க, கிரேக்க வார்ப்புகளை வைத்துக்கொண்டு தான் கற்றுக்கொடுப்பது என்ன என்ற சந்தேகம் அவருக்கு வலுத்தது. கைத்தறிக்காகப் பேசினார், கைவினைஞர்களைப் பற்றி அரசுக்கு அறிக்கைகள் எழுதினார். 1896ல் கல்கத்தா அரசு கலைப்பள்ளிக்குப் போனபோது இந்தச் சந்தேகத்தைப் பாடத்திட்டமாகவே மாற்றினார். ஐரோப்பியப் பிரதிகள் பின்னுக்குப் போக, இந்திய வேலைப்பாடு முன்னுக்கு வந்தது.

மாணவர்கள் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். எதிர்த்தார்கள். ரணதா பிரசாத் குப்தா என்ற மாணவரின் தலைமையில் ஒரு கூட்டம் வெளியேறியது. 1897ல் ஜூபிலி ஆர்ட் அகாடமி என்று தனிப்பள்ளியே தொடங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து ஹேவல் பள்ளியின் காட்சிக்கூடத்திலிருந்த ஐரோப்பிய ஓவியங்களை விற்று, அந்த இடத்தில் முகலாய ஓவியங்களையும் இந்தியச் சிற்பங்களையும் வைத்தபோது பத்திரிகைகளிலும் கண்டனம் கிளம்பியது. எதிர்த்த மாணவர்கள் தரப்பில் நியாயம் இருந்தது. எண்ணெய் வர்ணமும் உடற்கூறும் வெள்ளைக்காரருக்கு, கிண்ணத்தில் பூ வரைவது நமக்கா என்பதுதான் கேள்வி. சுதேசியைக் கொண்டுவந்தவர் வெள்ளைக்கார அதிகாரி. விலாயதியை, அதாவது சீமைப் பாணியைக் கேட்டவர்கள் வங்காளப் பிள்ளைகள். ஆசிரியர் மேலிருந்து இறக்குகிற அரசியலை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மாணவர் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை என்பதற்கு இந்தியக் கலைக்கல்வியில் கிடைக்கிற முதல் பெரிய சாட்சி இதுவே. ஹேவலைப் புகழ்கிற புத்தகங்கள் இந்த இடத்தை ஓட்டமாகத் தாண்டிவிடுகின்றன.

1905ல் ஹேவல் அவனீந்திரநாத்தைத் துணைத் தலைவராக உள்ளே கொண்டுவந்தார். இத்தாலியரிடமும் ஆங்கிலேயரிடமும் ஐரோப்பிய முறையைக் கற்றுக்கொண்டு, அது தனக்கு ஒட்டாமல் முகலாயச் சிற்றோவியத்தின் பக்கம் திரும்பியவர் அவனீந்திரநாத். அதே ஆண்டில் கர்சன் வங்காளத்தைப் பிரித்தார். ஊரெங்கும் அந்நியத் துணி எரிந்தது. அவனீந்திரநாத் அப்போது வரைந்த ஒரு படத்தில் காவி உடுத்திய இளம்பெண் நான்கு கைகளோடு நிற்கிறாள். கைகளில் ஆயுதம் எதுவும் கிடையாது: ஏடு, நெற்கதிர், வெண்துணி, ஜெபமாலை. வங்கமாதாவாகத் தொடங்கி பாரதமாதாவாக முடிந்த அந்தப் படத்தை ஜப்பானிய ஓவியர் ஒருவர் பெரிதாக்கிக் கொடுக்க, சுதேசி ஊர்வலத்தில் கொடியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவர் வரைந்த படம் அரசை எதிர்க்கிற ஊர்வலத்தில் போயிற்று.

அந்தப் படத்தைக் கண்டு பூரித்து எழுதியவர் சகோதரி நிவேதிதா. தமிழருக்கு அவர் அந்நியர் அல்லர். பாரதியார் குருவாக ஏற்று, 1908ல் வந்த தம் 'ஸ்வதேச கீதங்கள்' நூலைக் காணிக்கையாக்கிய அதே நிவேதிதாதான். பாரதி தம் 'இந்தியா' பத்திரிகையில் கேலிச்சித்திரங்களைப் போட்டுத் தமிழருக்கு அரசியலைப் படமாகக் காட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நிவேதிதா கல்கத்தாவின் ஓவிய மாணவர்களுக்கு நாட்டைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்க்கப் போன இடம் அஜந்தா. கிறிஸ்டியானா ஹெரிங்காம் என்ற ஆங்கிலேயப் பெண் ஓவியர், தம் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தின் ஆதரவாளர், 1909க்கும் 1911க்கும் இடையில் குளிர்காலங்களில் அங்கே முகாம் போட்டுக் குகை ஓவியங்களைப் பிரதியெடுத்தார். நிவேதிதாவின் தூண்டுதலில் அவனீந்திரநாத்தின் மாணவர்கள் உதவிக்குப் போனார்கள். நந்தலால் போஸ், அசித் ஹல்தார், சமரேந்திரநாத் குப்தா ஆகியோரோடு மைசூரிலிருந்து வந்த கே. வெங்கடப்பாவும் இருந்தார்.

வெங்கடப்பா அரண்மனைக்குச் சித்திரம் எழுதும் பரம்பரையில் வந்தவர். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அவருடைய கைத்திறனைப் பார்த்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். 1909லிருந்து ஏழு ஆண்டுகள் அங்கே படித்தார். நிவேதிதாவும் ஆனந்த குமாரசாமியும் எழுதி 1913ல் வெளியான இந்து, பௌத்தப் புராணக் கதைகள் பற்றிய ஆங்கிலப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் அவரும் ஒருவர். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து வாரிசான குமாரசாமி, கலையையும் சுதேசியையும் சேர்த்துப் பேசிய தம் கட்டுரைகளைச் சென்னை கணேஷ் அண்டு கம்பெனி மூலம் புத்தகமாகப் போட்டதும் அந்தக் காலத்தில்தான். கல்கத்தா, மைசூர், சென்னை, கொழும்பு என்று இந்த வலை நன்றாகவே விரிந்திருந்தது.

வெங்கடப்பா படித்துக்கொண்டிருந்தபோதே கல்கத்தாப் பள்ளியில் இன்னொரு தகராறு. 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வருகிறார், வரவேற்பு அலங்காரங்களை மாணவர்கள் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களில் ஹேமேந்திரநாத் மஜும்தார் என்ற இளைஞரும் ஒருவர். அரசுப் பள்ளியை விட்டு ஜூபிலி அகாடமிக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் ஈரப்புடவையோடு நிற்கும் பெண்களை எண்ணெய் வர்ணத்தில் வரைந்து பேரும் விமர்சனமும் சம்பாதித்தவர் இவர்தான். ஐரோப்பிய பாணியில் வரைந்தவர் மன்னருக்குத் தோரணம் கட்ட மறுத்தார். இந்திய பாணியைக் கற்பித்த பள்ளியில் தோரணம் கட்டினார்கள். பாணியைப் பார்த்து அரசியலைச் சொல்லிவிட முடியாது.

குருவை விட்டுப் பிரிந்த சீடர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூன்று பேரைப் பின்தொடர்ந்தால் போதும்.

நந்தலால் போஸ் சாந்திநிகேதனுக்குப் போனார். அங்கே 1919ல் தொடங்கிய கலைப்பள்ளியான கலாபவனத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டார். அங்கே பரீட்சையோ பிளாஸ்டர் வார்ப்போ இல்லை. மாணவர்கள் வெளியே போய் மரத்தையும் மாட்டையும் சந்தால் ஊர்களையும் வரைந்தார்கள். சாந்திநிகேதனை நடத்திய ரவீந்திரநாத் தாகூருக்குக் கட்சி அரசியலில் சந்தேகம் உண்டு. சுதேசி வெறியில் ஏழை வியாபாரியின் துணி எரிவதைக் கேள்வி கேட்டு நாவலே எழுதியவர் அவர். அவருடைய வளாகத்திலேயே நந்தலால் காந்தியின் ஆளாக இருந்தார். 1930 ஏப்ரலில், தண்டி யாத்திரை முடிந்த கையோடு, கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளால் தடியூன்றி நடக்கிற காந்தியை லினோவில் செதுக்கி அச்செடுத்தார். அச்சுப் படம் என்பதால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம்.

1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் சுபாஷ் சந்திர போஸ். பந்தலை அலங்கரிக்கும் வேலையைக் காந்தி நந்தலாலிடம் கொடுத்தார். நிபந்தனை இரண்டுதான்: கிராமத்துச் சனங்கள் வருகிற வழியில் கலை இருக்க வேண்டும், கிராமத்தில் கிடைக்கிற பொருளால் ஆக வேண்டும். அட்டையின் மேல் காகிதத்தை ஒட்டி, மண் வர்ணத்தைக் குழைத்து, தடித்த தூரிகையால் சடசடவென்று போட்ட படங்கள் அவை. டோலக் அடிக்கிறவன், நெல் குத்துகிற பெண்கள், தச்சன், செருப்புத் தைப்பவர், மல்லர், கன்றுக்குப் பால் விடும் பசு. ஒவ்வொரு படத்துக்கும் மாடம் போல ஒரு வளைவு விளிம்பு. முகத்தில் நுணுக்கம் கிடையாது. முதுகு வளைவதும் கை ஓங்குவதும் ஒரே வீச்சில் வந்திருக்கும். நந்தலால் எண்பதுக்கு மேல் தாமே வரைய, மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் பிரதியெடுத்தார்கள். சுமார் நானூறு படங்கள் மாநாட்டுத் திடலில் தொங்கின.

இதை வகுப்பாக நினைத்துப் பார்த்தால் சுவாரசியம். பிரதியெடுப்பது என்பது சவுத் கென்சிங்டன் முறையின் முதல் பாடம். நந்தலாலும் பிரதியெடுக்கத்தான் வைத்தார். எதைப் பிரதியெடுப்பது, யார் பார்ப்பதற்கு என்பது மட்டும் மாறியது. காட்சிக்கூடத்தில் வைக்க அல்லாமல், வெயிலில் காய்ந்து போகட்டும் என்று வரைந்த படங்கள் அவை. படத்தில் ஒரு தலைவர் இல்லை, ஒரு கோஷம் இல்லை. கட்சி மாநாட்டுக்கு வரைந்த படங்களில் கட்சியே காணோம் என்பதுதான் அவற்றின் பலம்.

அதே குழுவின் கை நம் அரசமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியிலும் இருக்கிறது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதிய பக்கங்களுக்கு நந்தலாலும் சாந்திநிகேதன் மாணவர்களும் ஓரச் சித்திரங்களும் தலைப்புச் சித்திரங்களும் போட்டார்கள். மொகஞ்சதாரோ காளை, தண்டி யாத்திரை என்று போகிற வரிசையில் ஜான்சி ராணிக்குப் பக்கத்தில் திப்பு சுல்தானும் உண்டு. மைசூர்ப் பக்கத்தில் திப்புவின் ஜெயந்தியைக் கொண்டாடலாமா கூடாதா என்று சண்டை மூளும்போதெல்லாம் இதை யாராவது ஒருவர் எடுத்துக் காட்டுவது வழக்கம்.

சாந்திநிகேதனுக்கு ஒரு தமிழ் வாசலும் இருந்தது. கல்பாத்தி கணபதி சுப்ரமணியன், கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924ல் பிறந்த தமிழ் பிராமணப் பிள்ளை. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். 1942ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது அரசுக் கல்லூரிகளில் சேரத் தடை. அரசுக் கல்லூரி என்றால் சென்னை ஓவியப் பள்ளியும் அதில் அடக்கம். 1944ல் கலாபவனத்தில் நந்தலாலிடம் போய்ச் சேர்ந்தார். கே. ஜி. சுப்ரமணியன் என்று இந்தியா முழுவதும் அறியப்பட்ட கலைஞரும் பரோடாவில் பல தலைமுறைகளை உருவாக்கிய ஆசிரியரும் இவரே. 1971ல் வங்கதேசப் போரின்போது அவர் சுடுமண்ணில் செய்த வரிசையில் பதக்கம் தொங்கும் தளபதிகளும் சிதைந்த உடல்களும் வருகின்றன. பொம்மை செய்கிற களிமண்ணிலேயே அதைச் செய்தார்.

இரண்டாவது சீடர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைப் பள்ளிக்கு 1929ல் தலைமை ஏற்க வந்தார். குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார். வங்காளத்திலிருந்து வந்தாலும் கற்பித்தது வங்கபாணியின் மென்மையை அல்ல; சதையும் எலும்புமாக எதிரில் நிற்கிற மனிதரைப் பார்த்துச் செய்யச் சொன்னார். அரசுப் பள்ளித் தலைவர், 1937ல் பிரிட்டிஷ் அரசின் பட்டமும் வாங்கினார். காங்கிரஸ் மேடைக்குப் போஸ்டர் வரைகிற நிலையில் அவர் இல்லை. ஆனால் 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டபோது, திருவனந்தபுரத்து மகாராஜா சிலையின் பீடத்துக்கு அதைப் புடைப்புச் சிற்பமாகச் செய்து கொடுத்தவர் அவர். அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனங்கள் கூட்டமாக உள்ளே போகிறார்கள்.

பிறகு உழைப்பாளர் சிலை. சென்னைக் கடற்கரையில் 1959ல் வைத்தார்கள். நான்கு பேர் ஒரு பாறையைக் கடப்பாரைக் கம்புகளால் நெம்புகிறார்கள். இடுப்பில் துண்டு, வேறொன்றும் இல்லை. ஒருவனின் முதுகு வில்லாக வளைந்திருக்கிறது, இன்னொருவனின் கால் விரல்கள் தரையைப் பற்றியிருக்கின்றன. யாருடைய முகமும் முக்கியமாக இல்லை. வரவேற்புக்கு நிற்கிற தலைவர்களின் சிலைகள் அதே மணலில் எத்தனையோ வந்துவிட்டன. மே தினத்துக்கு மாலை போடத் தொழிற்சங்கங்கள் தேடிப் போவது இந்தப் பெயரில்லாத நான்கு பேரைத்தான். இந்தச் சிலைக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் காவலாளி என்று சென்னை ஓவியர்கள் சொல்வதுண்டு. 1923ல் இதே கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். அங்கே ஒரு சர்க்கார் பள்ளியின் முன்னாள் தலைவர் செய்த சிலை நிற்கிறது.

ராய் சௌத்ரிக்குப் பின்னால் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் காலத்தில் சென்னைக் கல்லூரி வடிவத்தைப் பற்றிய கேள்விகளில் மூழ்கியது. 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அரசியல் போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வந்த ஆதிமூலம் 1969ல், காந்தி நூற்றாண்டில், சிறுபிள்ளையிலிருந்து கிழவர் வரை காந்தியை மைக்கோடுகளில் நூறு படங்களாகப் போட்டார். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்த வீர சந்தானம் ஈழத்துக்காகத் தெருவில் நின்றார். 2013ல் தஞ்சை விளாரில் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்களில் அவருடைய பங்கு பெரிது. திறந்த சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவரை அரசு இடித்தது. இவை எதுவும் பாடத்திட்டத்தில் இருந்தவை அல்ல. கல்லூரி கொடுத்தது கோடு. எங்கே இழுப்பது என்பதை அவர்கள் வெளியே போய்த் தீர்மானித்தார்கள்.

கல்கத்தாப் பள்ளியிலும் அப்படித்தான். 1943 பஞ்சத்தில் ஜெய்னுல் ஆபிதீன் அங்கே ஆசிரியர். வகுப்பு முடிந்ததும் தெருவுக்குப் போய், நடைபாதையில் செத்துக்கொண்டிருந்தவர்களையும் காத்திருந்த காக்கைகளையும் மலிவான காகிதத்தில் கரிய மையால் வரைந்தார். 1948ல் டாக்காவில் கலைப்பள்ளி தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர்.

மூன்றாவது சீடர் மைசூருக்கே திரும்பினார்.

வெங்கடப்பா அரசியலை அண்டவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீணை சேஷண்ணாவிடம் வீணை கற்றுக்கொண்டு, சில காலம் தூரிகையைவிட வீணைக்கே அதிகம் உழைத்தார். ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வர்ணத்தில் வரைந்தார்: மேகம் இறங்குகிற மலைச்சரிவு, யூகலிப்டஸ் மரங்கள், மனிதர் இல்லாத பாதை. அஜந்தாவில் அவரோடு பிரதியெடுத்த நந்தலால் காங்கிரஸ் பந்தலில் நின்றபோது இவர் அரண்மனைக்குப் பிளாஸ்டரில் புராணப் புடைப்புச் சிற்பங்கள் செய்துகொண்டிருந்தார். சுதேசிக் கலைக்கல்வியின் பயன் எங்கே போய் முடிந்தது பாருங்கள் என்று குத்திக் காட்ட இவரை உதாரணமாக்குவது எளிது.

1940ல் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். வேலை நின்றது. புதிய ஆட்சியில் அரண்மனை முன்போல் நடந்துகொள்ளவில்லை. வெங்கடப்பா செய்தது சமஸ்தானத்தில் எந்தச் சித்திரக்காரனும் நினைத்துப் பார்க்காத காரியம்: அரண்மனை மேல் வழக்குப் போட்டார்.

பரம்பரைச் சித்திரக்காரருக்கு ராஜா கொடுப்பது வெகுமதி. கொடுத்தால் கும்பிட்டு வாங்க வேண்டும், கொடுக்காவிட்டால் கணக்குக் கேட்கக் கூடாது. கல்கத்தாவில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவருக்கு அது ஒப்பந்தம், செய்த வேலைக்குரிய கூலி. தன் வேலையின் மதிப்பைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று கோர்ட்டில் நின்றார். தோற்றுப்போனார். பிறகு பெங்களூரில் ஒதுங்கி வாழ்ந்து 1965ல் இறந்தார். வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் இந்த வழக்கைப் பழைய புரவலர் முறைக்கும் புதிய கலைஞனுக்கும் நடந்த மோதலாக விரிவாக எழுதியிருக்கிறார். கொடியும் கோஷமும் இல்லாத இந்த மனிதர்தான் மூன்று பேரில் ஆட்சியை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் என்று சொன்னால் மிகையில்லை. கலைக்கல்வியில் அரசியல் என்றதும் எந்தத் தலைப்பை வரைவது என்றே பேச்சு ஓடுகிறது. வரைகிறவருக்கு என்ன கூலி, யார் அதை நிர்ணயிப்பது என்பது இன்றைக்கும் பெரும்பாலான ஓவியக் கல்லூரிகளில் பாடமாக இல்லை. பேனர் எழுதியவரின் பிழைப்பை ஃப்ளெக்ஸ் வந்து அடித்துக்கொண்டு போனபோதும், சொற்பச் சம்பளத்தில் பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் போராடியபோதும் அந்தப் பாடம் வெளியில்தான் நடந்தது.

வெங்கடப்பாவின் படைப்புகளுக்காகப் பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் அரசு அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு காட்சிக்கூடம் எழுந்தது. குறைந்த வாடகையில் இளம் ஓவியர்கள் முதல் கண்காட்சி வைக்கிற இடமாகவும் அது ஆயிற்று. 2015ல் கர்நாடக சுற்றுலாத் துறை, காட்சிக்கூடத்தைப் புதுப்பித்து நடத்தும் பொறுப்பை ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. ஓவியர்கள் கேட்டது எளிய கேள்வி: பொதுச்சொத்தை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள்? 2016ல் அவர்கள் காட்சிக்கூட வாசலில் கூடினார்கள், கைகோத்து நின்றார்கள், பாடினார்கள், வரைந்தார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். வெங்கடப்பாவின் படங்களும் வழக்கும் அவர் கதையும் அந்தக் கூட்டங்களில் மறுபடி பேச்சுக்கு வந்தன. எதிர்த் தரப்பிலும் வாதம் இருந்தது. கூரை ஒழுகுகிறது, விளக்கு சரியில்லை, அரசு கையில் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதற்கு ஓவியர்கள் சொன்ன பதில், ஒழுகலை அரசுதான் அடைக்க வேண்டும் என்பது. கடைசியில் அரசு அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. ஒப்பந்தம் போட்டிருந்த அறக்கட்டளையின் நிறுவனர் அதே கஸ்தூர்பா சாலையில் தனியாக ஒரு கலை அருங்காட்சியகம் கட்டிக்கொண்டார். இரண்டும் நடந்தே போகிற தூரத்தில்தான் இருக்கின்றன.